ஹாஷ் பொருந்தவில்லை

திங்கள்

பாறசாலை அருகே எங்கள் வாசகசாலைக் கணினிகள் எல்லாவற்றிலும் உபுண்டு 22.04. ஒவ்வொன்றும் தனித்தனியே அப்டேட் இறக்கினால் இருக்கிற ஒரே இணைய இணைப்பு தாங்காது. அதனால் ஒரு கணினியில் மென்பொருள் களஞ்சியத்தின் நகலை, அதாவது மிரரை வைத்து, மற்றவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டமாகத் தொடங்கி 2017-இல் 'கைட்' நிறுவனமான அமைப்பு, கேரளப் பள்ளிகளில் லினக்ஸைப் பரப்பியது. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் பழகியதை வாசகசாலையிலும் தொடர வேண்டும். இரவு, நகலெடுக்கும் ஏபிடி-மிரர் நிரலை ஓடவிட்டேன்.

செவ்வாய்

இறக்கம் முடிந்தது. ஆனால் அப்டேட் கொடுத்ததும் 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' என்று நின்றது. களஞ்சியத்தின் 'பூல்' அடைவில் மென்பொருள் பொதிகளும் 'டிஸ்ட்ஸ்' அடைவில் அவற்றின் பட்டியல்களும் இருக்கும். 'இன்ரிலீஸ்' கோப்பில் டிஜிட்டல் கையெழுத்து இடப்பட்டிருக்கும். பட்டியல்களின் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் குறியீடு, அதில் இருக்கும்; பொதிகளின் ஹாஷ் பட்டியலில் இருக்கும். நாம் இறக்கும் நேரத்தில் மூலக் களஞ்சியம் புதுப்பிக்கப்பட்டால், பழைய இன்ரிலீஸும் புதிய பட்டியலும் கலந்துவிடும். மிரரை மறுபடி ஓட்டி, முழுதும் முடிந்த பிறகே மற்ற கணினிகளை இணைத்ததும் சரியானது. முதலில் பொதிகள், அடுத்து பட்டியல்கள், கடைசியில் பழையவற்றை நீக்குவது: பொது மிரர் நடத்துவோர் பின்பற்றும் வரிசையும் இதுதான்.

புதன்

அடுத்த பிழை 404: 'சிஎன்எஃப்' அடைவில் கோப்பு இல்லை. இல்லாத கட்டளையைத் தட்டினால் எந்தப் பொதியை நிறுவ வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அங்கேதான் இருக்கும். ஏபிடி-மிரரின் பழைய பதிப்பு அதை எடுப்பதில்லை. வேலை முடிந்ததும் ஓடும் 'போஸ்ட்மிரர்' நிரலில் அந்தக் கோப்பையும் இறக்கும் வீகெட் வரிகளைச் சேர்த்தேன்.

வியாழன்

ஒரு கணினி மட்டும் 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்றது. சிமாஸ் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. உதவிக்கு வந்த தம்பி, "அண்ணா, தேதிச் சோதனையை நிறுத்திரலாமே?" என்றான். "வேண்டாம்டா. பழைய பட்டியலைக் காட்டி, ஓட்டை உள்ள பொதியிலேயே நம்மை நிறுத்தி வைக்க யாராலும் முடியும். அதைத் தடுக்கத்தான் உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியத்து ரிலீஸ் கோப்பில் காலாவதி நாளே போட்டிருக்கு" என்றேன். பேட்டரியை மாற்றினோம். மிரர் கணினியிலேயே குரோனி வைத்து எல்லாவற்றுக்கும் நேரம் கொடுத்தோம்.

வெள்ளி

லோஹித் தமிழ் எழுத்துருவும் தமிழ் மொழிப் பொதியும் எல்லாக் கணினிகளிலும் ஏறிவிட்டன. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போனது, எங்கள் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்புறம் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்த் திரை தானாக வந்துவிடாது. யாராவது அந்தப் பொதியை விட்டுவிடாமல் மிரரில் சேர்க்க வேண்டும்.

பொதிகளை நிறுவும் ஏபிடியில் கையெழுத்துச் சோதனை, டெபியனின் நிலையான வெளியீடுகளில் 4.0-உடன் 2007-இல் வந்தது. மிரரை யார் நடத்தினாலும் கையெழுத்து மூலத்துடையது. அதனால்தான் பெருநகரத் தரவு மையத்தை நம்புகிற அளவுக்கு ஒரு கிராமத்து வாசகசாலையையும் நம்பலாம். அந்த நம்பிக்கையைக் காப்பது இந்தப் பிழைச் செய்திகளே. அவற்றை வாயடைக்காமல் காரணத்தைத் தேடித் தீர்ப்பதுதான் மிரர் நடத்துபவரின் பொறுப்பு.