லா பாஸின் சிவப்புத் தடம்

ரோப் கார் பெட்டிக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் அமர்கிறார். எதிரெதிராகப் பத்துப் பேர் உட்காரலாம். எனக்கு எதிரே அய்மாரா பழங்குடி இனத்து அம்மாள் ஒருவர். உச்சந்தலையில் கறுப்பு உருண்டைத் தொப்பி, இரட்டைப் பின்னலின் நுனிகள் கம்பளிக் குஞ்சத்தால் முதுகில் ஒன்றாக முடியப்பட்டிருந்தன, அடுக்கடுக்கான பாவாடை. முதுகு மூட்டையைக் கட்டிய அகுவாயோ துணியில் வரிவரியாக நிறங்கள். மார்பின் மேல் இருந்த முடிச்சை அவிழ்க்காமலேயே மூட்டையைத் தோள்வழியாகச் சுழற்றி மடிக்குக் கொண்டுவந்தார். காய்கறியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கம்பளிக் குல்லாய் எட்டிப் பார்த்தது. அதன் கீழே குளிரில் சிவந்த இரண்டு கன்னங்கள். பக்கத்தில் கோட்டு, டை அணிந்திருந்த இளைஞர் தன் பையை நகர்த்தி இடம் விட்டார். யாரும் பேசவில்லை. குழந்தை கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தது. நானும் பார்த்தேன்.

கீழே பொதுக் கல்லறைத் தோட்டம். இறந்தவர்களுக்கும் அங்கே அடுக்குமாடிதான். சுவர் நெடுக ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு மாடங்கள், அவற்றுக்குக் கண்ணாடிக் கதவுகள், உள்ளே பூக்கள். ஒருவர் ஏணி சாத்தி மேல் மாடத்தில் பூ மாற்றிக்கொண்டிருந்தார். அதைத் தாண்டினால் பூசப்படாத செங்கல் வீடுகள் சரிவெல்லாம் அப்பிக்கிடக்கின்றன. தூரத்தில் பனி மூடிய இல்லிமானி சிகரம், 6,400 மீட்டருக்கும் மேலே.

பொலிவியாவில் எதைப் பார்த்தாய் என்று கேட்பவர்கள் உயுனி உப்புப் பாலைவனத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் இந்தப் பெட்டியைத்தான் சொல்வேன். லா பாஸ் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எல் ஆல்ட்டோ நகரம் அதன் விளிம்பில், 4,000 மீட்டருக்கும் மேலே. அங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் அய்மாரா மக்கள். மினிபஸ்கள் வளைந்து வளைந்து நெரிசலில் ஏறும் இந்தச் சரிவை, 2014இல் திறந்த சிவப்புத் தடம் பத்தே நிமிடத்தில் ஏறிவிடுகிறது. அதன்பின் வேறு நிறங்களில் பல தடங்கள் வந்துவிட்டன. வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போகிறவர்களின் வண்டி இது. பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்களை ஒரு காலத்தில் நகரத்தின் பல இடங்களில் ஒதுக்கிவைத்தார்கள். இன்று அவர்கள் அந்த நகரத்தின் மேலேயே சன்னலோர இருக்கையில் போகிறார்கள். ஓர் அரசாங்கம் செய்ய வேண்டிய காரியம் இது.

மேலே இறங்கினால், வியாழனிலும் ஞாயிறிலும், தெருத்தெருவாக நீளும் 'ஜூலை 16' சந்தை. பழைய கார் கதவிலிருந்து கல்யாண உடுப்புவரை கிடைக்கும். நான் நின்றது உருளைக்கிழங்கு விற்கும் ஒரு பெண்ணின் முன். உருளைக்கிழங்கை மனிதர் முதலில் பயிராக்கியது இந்த ஆண்டிஸ் மேட்டுநிலத்தில்தான். அவர் முன்னே ஊதா, மஞ்சள், கறுப்பு எனக் குவியல்கள். ஓரத்தில் கூழாங்கல் போல உலர்ந்த சுன்யோ. ஜூன் மாத உறைபனியில் கிழங்கை இரவெல்லாம் வெளியே பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைப்பார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது. வாங்க வந்த கிழவி ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தலையசைத்தார். விற்றவர் அளந்து போட்டபின் இன்னொரு கை அள்ளிக் கொசுறு போட்டார். இருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கணக்குத் தீர்ந்த நிம்மதி இருந்தது.

கீழே நகரத்துக்குள் ஷூ பாலிஷ் போடும் பையன்கள் கண் மட்டும் தெரியும் முகமூடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தத் தொழில் செய்வது பள்ளித் தோழர்களுக்குத் தெரிந்தால் அவமானம் என்று முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்தபின் அந்த வீதியில் என் நடை தளர்ந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. நேரம் நமக்கு ஒன்பதரை மணி பின்னால். விமான நிலையமே எல் ஆல்ட்டோவில் இருப்பதால் இறங்கியதும் தலை கனக்கும், நாலு படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். முதல் நாள் அறையில் ஓய்வெடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது வேண்டாம். கொகா இலை போட்ட வெந்நீர் எங்கும் கிடைக்கும். ஆனால் அந்த இலையை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பொலிவியாவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தடுத்துத் தனிமைப்படுத்தலாம். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

சந்தையில் படம் எடுக்கும் முன் கண்ணாலேயே அனுமதி கேளுங்கள். அங்கே விற்கும் பெண்களில் பலருக்குப் படம் எடுப்பது பிடிப்பதில்லை. வேண்டாம் என்று தலையசைத்தால் கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள்.