கூரைக்கும் ஓர் அறம் உண்டு

புதுவீடு கட்டுவோர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் தவறி விழுந்து அவ்வீட்டின்மேல் இரத்தப்பழி வந்துவிடலாகாது என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் பணிக்கிறது. பலிகளையும் திருவிழாக்களையும் ஒழுங்குபடுத்தும் திருச்சட்டம், ஒரு சாதாரண வீட்டின் கூரையைப் பற்றியும் கவலை கொள்கிறது! அன்று கூரையிலிருந்து மனிதன் விழுவான் என்ற அச்சம் இருந்தது. இன்று நம் வட்டாரத்திலோ, கூரையிலிருந்து மனிதன்மேல் வெப்பம் விழுகிறது.

கள்ளக்குறிச்சிச் சமவெளியில் கரும்புத் தோகையும் பனையோலையும் வேய்ந்த வீடுகளை நாம் அறிவோம். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டுப்புல் வேய்ந்து, மண்சுவர் எழுப்பி வாழ்ந்த வீடுகளையும் அறிவோம். புல்லின் அடுக்குகளுக்கிடையே அசைவற்று நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடக்க விடாது. ஆகவே அவ்வீடுகள் சித்திரையில் குளிர்ந்தும் மார்கழியில் கதகதப்பாகவும் இருந்தன.

எனினும் குடிசைக்குத் திரும்புங்கள் என்று கூற நாம் வரவில்லை. ஒரு தீப்பொறியில் அனைத்தையும் இழந்தோரின் கண்ணீரைக் கண்டவர் எவரும் அவ்வாறு கூறார். குடிசைகளுக்கு மாற்றாக 2030ஆம் ஆண்டிற்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித்தரும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஓலை இலவசமாக அளித்துவந்த ஒன்றைக் கான்கிரீட் தளம் தானாக அளிக்காது.

கோடையில் நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கச் சென்றபோது, புதுவீட்டின் வெளியே வேப்பமர நிழலில் கட்டிலிட்டுப் படுத்திருந்த மூதாட்டி ஒருவரைக் கண்டோம். “ஏன் பாட்டி, புதுவீடு பிடிக்கவில்லையா?” என்றோம். “வூடு நல்லாத்தான் இருக்குது சாமி. பகல்ல வெயிலு வெளியில அடிக்குது, ராத்திரியில வூட்டுக்குள்ள அடிக்குது” என்றார். பொறியாளர் கூறும் விளக்கமும் இதுவே. நாளெல்லாம் குடித்த வெப்பத்தைக் கான்கிரீட் தளம் பொழுது சாய்ந்தபின் உள்ளே உமிழ்கிறது. உறங்க இயலாத இரவுகள் முதியோரையும் கைக்குழந்தைகளையுமே முதலில் வாட்டுகின்றன.

இதற்கு உடனே தோன்றும் தீர்வு இயந்திரம். கணக்கைப் பாருங்கள். 75 வாட் மின்விசிறிகள் இரண்டு நாளும் 10 மணி நேரம் சுழன்றால் இரு மாதங்களில் 90 யூனிட் ஆகும். ஒன்றரை டன் குளிர்சாதனம் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் கொள்ளும். இரவில் 8 மணி நேரம் ஓடினால் அதே காலத்தில் 480 யூனிட்! கூலி வேலை செய்யும் குடும்பம் இதைத் தாங்குமோ? மேலும் அது நம் அறையைக் குளிர்வித்து, வெப்பத்தை அண்டை வீட்டார் பக்கம் தள்ளுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், பெருகிவரும் குளிர்சாதனப் பயன்பாட்டைத் தீய நுகர்வுப் பழக்கத்திற்கு எடுத்துக்காட்டாகவே சுட்டினார்.

ஆகவே இயந்திரத்திற்கு முன் கூரையைக் கவனிப்போம். மிக எளியது சுண்ணாம்பு. தளத்தைக் கூட்டிக் கழுவி, பசை கலந்த சுண்ணாம்புப் பாலை இருமுறை பூசினால், வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். புழுதி படிந்தால் வெண்மை மங்கும். ஆதலால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் பூசவேண்டும். அதனினும் நிலையானது, செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்புடன் கலந்து தளமிட்டு, மேலே தட்டோடு பதிக்கும் நம் கொத்தனார்களின் பழைய முறை. தளம் அப்பாரத்தைத் தாங்குமா என்று முன்னரே கேட்டறிதல் நலம். இனிமேல் கட்டுவோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. கேரளத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கான்கிரீட்டின் நடுவே ஓடுகளை வைத்துத் தளமிட்டார். வெப்பமும் குறைந்தது, சிமெண்டும் மிச்சமாயிற்று. தெர்மோகோல் பலகைகளை அறைக்குள் திறந்தவாறு ஒட்டுவது மட்டும் வேண்டாம். தீப்பற்றினால் நச்சுப்புகை சூழும்.

இடமறிந்து தெரிவு செய்தலும் அவசியம். சுண்ணாம்பு வெயிலைத் திருப்புமேயன்றிக் குளிரைத் தடுக்காது. மார்கழிக் குளிர் வாட்டும் மலையூர்களுக்கு, புல்வேய்ந்த கூரையைப்போல் இருபுறமும் காக்கும் செங்கல் ஜல்லித் தளமே ஏற்றது. சமவெளியில் கையில் பணம் இல்லாதவர் சுண்ணாம்பிலிருந்து தொடங்கலாம்.

தவக்காலம் கோடையின் வாயிலில் வருகிறது. நம் இளைஞர்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் ஒரு சனிக்கிழமை தூரிகையும் வாளியும் ஏந்தி, பங்கிலுள்ள கைம்பெண்கள், முதியோர் வீடுகளின் மேல்தளங்களுக்குச் சுண்ணாம்பு பூசினால் என்ன? உண்ணாமல் மிச்சப்படுத்திய பணம் சுண்ணாம்பாகட்டும். அது அவ்வீட்டாருக்குச் சில இரவுகளின் உறக்கமாகட்டும். கிறிஸ்துவுக்கு ஏற்ற நோன்பு அதுவன்றோ!