தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர்

வீட்டில் திடீரென்று விளக்கு அணைந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? சன்னலைத் திறந்து பக்கத்து வீட்டைப் பார்க்கிறோம். அங்கும் இருள் என்றால் மனம் சற்று ஆறுதலடைகிறது. ஊருக்கே வந்தது நமக்கும் வந்தது என்று மெழுகுவர்த்தியைத் தேடப் போகிறோம். படகில் குடியிருப்பவனுக்கு அந்த ஆறுதல் கிடையாது. அவனுடைய விளக்கு அணைந்தால் அது அவனுடைய இருள் மட்டுமே.

நானும் என் மனைவியும் இங்கிலாந்தில் ஒரு கால்வாய்ப் படகை வீடாக்கிக்கொண்ட முதல் குளிர்காலத்தில் இதைக் கற்றுக்கொண்டோம். அந்த நாட்களைப் பற்றி இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். அதில் எனக்குப் பெருமை தரும் பகுதி மிகக் குறைவு. ஆயினும், பழுது பார்க்க நம்பத்தக்க ஒருவரைத் தேடிய அந்தத் தேடலில் நான் கண்டுகொண்ட காரியம், படகில்லாத உங்களுக்கும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

எங்கள் படகின் நீளம் 57 அடி. அகலமோ 6 அடி 10 அங்குலம் மட்டுமே. இந்த ஒடுக்கத்திற்குக் காரணம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் நடுப்பகுதியில் கால்வாய் வெட்டியவர்கள், படகுகளை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் லாக் எனும் மதகுத் தொட்டிகளில் பலவற்றை ஏறக்குறைய ஏழடி அகலத்திலேயே கட்டினார்கள். தொட்டிக்குத் தக்கபடி படகும் ஒடுங்கியது. அன்று நிலக்கரி சென்ற வழியில் இன்று மனிதர் குடியிருக்கிறார்கள். நிலையான துறை இல்லாத படகு ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் நிற்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டின் சட்டம். எங்கள் படகு அவ்வகையைச் சேர்ந்தது.

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். உங்கள் தெருமுனையில் உங்களை அறிந்த ஒரு மெக்கானிக் இருப்பார். அவருடைய தகப்பனாரையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வாரத்திற்கொருமுறை ஊர் மாறுகிறவனுக்கு அப்படி ஒருவர் இல்லை. அவன் அழைக்கும் ஒவ்வொருவரும் அந்நியர். அவர்களுக்கு அவனும் அந்நியன். முகவரி கேட்டால் சொல்வதற்கு ஒரு தெருப்பெயரும் இல்லை. கால்வாயின் குறுக்கே செல்லும் பாலங்களுக்கு எண் இட்டிருக்கிறார்கள். "இன்ன எண் பாலத்திற்கு வடக்கே நிற்கிறேன்" என்று சொன்னால்தான் உதவி வந்து சேரும். இருட்டியபின் எண்ணைப் பார்க்க விளக்கோடு நடந்துபோக வேண்டியிருக்கும் என்பதால், படகைக் கட்டியவுடனே அதைக் குறித்துவைப்பது வழக்கம்.

டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை எங்கள் விளக்குகள் மங்கின. பின்பு தண்ணீர் பம்ப் நின்றது. இயந்திரம் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றுகிறது. அந்த மின்சாரத்தில்தான் இரவெல்லாம் விளக்கும் பம்ப்பும் இயங்குகின்றன. பேட்டரிகள் ஒரு நாளுக்குமேல் தாங்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஏன் என்பதுதான் புரியவில்லை. அருகிலிருந்த ஒரு படகுத்துறைக்குப் போனேன். அங்கிருந்தவரிடம், படகுகளோடு பிறந்து வளர்ந்தவனைப் போல, "நான்கு பேட்டரியும் செத்துவிட்டன, மாற்ற வேண்டும்" என்றேன். அவர் இரண்டு சொற்கள் கேட்டார். இரண்டும் எனக்கு விளங்கவில்லை. ஆமென்று தலையசைத்தேன். ஏறக்குறைய 500 பவுண்டு கொடுத்து நான்கு புதிய பேட்டரிகளோடு திரும்பினேன்.

மார்ச் மாதத்தில் அந்தப் புதிய பேட்டரிகளும் மங்கின.

அந்த இரவை நான் மறக்கவில்லை. நிலக்கரி அடுப்பின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி, "நாம் தவறு செய்துவிட்டோமா?" என்று கேட்டாள். அவள் பேட்டரிகளைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் சேமிப்பு முழுவதும் அந்த எஃகுப் பெட்டிக்குள்தான் இருந்தது. திரும்பிப்போக வீடில்லை. என்னிடம் பதில் இல்லாததால் கோபம் வந்தது. "அந்த ஆள் நம்மை ஏமாற்றிவிட்டான்" என்றேன். மறுநாள் முதல், கரையில் சந்தித்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். சொல்லச்சொல்ல அது உண்மையாகவே எனக்குத் தோன்றியது.

பிரியமானவர்களே, ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கிற மனதுக்கு ஒரு வியாதி வருகிறது. முன்பு எல்லாரையும் நம்பிய அது, இப்போது ஒருவரையும் நம்புவதில்லை. முந்தியது அறியாமை. பிந்தியதை நாம் அனுபவம் என்று அழைத்துக்கொள்கிறோம். உண்மையில் இரண்டும் ஒன்றே; எதிரில் நிற்கும் மனிதரை நிதானித்துப் பார்க்காமலே முடிவு செய்வதுதான் இரண்டும்.

எனக்கு வழிகாட்டியவர், கால்வாய் வழியே வந்து நிலக்கரியும் டீசலும் காஸ் உருளையும் விற்கும் ஒரு படகுக்காரர். இப்படிப்பட்ட வியாபாரப் படகுகள் அங்கே இன்றும் ஓடுகின்றன. வழியிலுள்ள எல்லாரையும் அவர்கள் அறிவார்கள். நான் வழக்கம்போல, "இங்கே நல்ல மெக்கானிக் யார்?" என்று கேட்டேன். அவர் சிரித்து, "அப்படிக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். உன் படகு நின்றுபோனால் நீ யாரை அழைப்பாய் என்று கேளுங்கள்" என்றார். அப்படியே கேட்டேன். அவரும் அடுத்த இரண்டு படகுக்காரர்களும் ஒரே பெயரைச் சொன்னார்கள். நான் இன்னொன்றும் கேட்டேன்: "அவர் செய்த வேலை எப்போதாவது தவறியதுண்டா?" ஒருவர் சொன்னார்: "உண்டு. ஒருமுறை சரியாகவில்லை. தானே திரும்பி வந்து, கூலி வாங்காமல் சரிசெய்தார்." தவறாதவர் என்று கேட்டிருந்தால் நான் அவ்வளவு நம்பியிருக்கமாட்டேன்.

வந்தவர் அறுபது வயதைக் கடந்தவர். முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. உட்கார்ந்து கேள்விகள் கேட்டார். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இயந்திரத்தை ஓட்டுகிறீர்கள்? இரவில் பேட்டரி எவ்வளவு இறங்கும்வரை பயன்படுத்துகிறீர்கள்? கடைசியாக யார், எதைக் கழற்றினார்கள்? அன்று நான் தலையசைக்கவில்லை. "ஐயா, எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தவன்போல் நடித்துத்தான் இந்த நிலைக்கு வந்தேன்" என்று ஒத்துக்கொண்டேன். ஆனாலும் சந்தேகம் என்னை விடவில்லை. அவர் இயந்திர அறையில் குனிந்தபோது அவருடைய தோளுக்குப் பின்னாலேயே நின்றேன். அவர் அதை உணர்ந்து, "நில்லுங்கள், நல்லதுதான். விளக்கைப் பிடியுங்கள்" என்றார்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, மல்டிமீட்டரை ஆல்டர்னேட்டரில் வைத்தார். 14.4 வோல்ட். அதையே பேட்டரிகளில் வைத்தார். 13.4. என்னை நோக்கி, "ஒரு வோல்ட் வழியிலே தொலைந்துபோகிறது. எங்கே என்று தேடுவோம்" என்றார். கம்பி கம்பியாகத் தொட்டுக்கொண்டு போனார். எதிர்முனைக் கம்பி இணையும் ஒரு இடத்தில் கை நின்றது. என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். அது சூடாக இருந்தது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே பச்சை நிறத்தில் களிம்பு ஏறியிருந்தது. பழைய பேட்டரிகளோடு இருந்த அந்தக் கம்பியைத்தான் புதிய பேட்டரிகளோடும் இணைத்திருந்தோம். பேட்டரிகள் ஒருநாளும் முழுதாக நிரம்பவில்லை.

நான் மகிழ்ந்தேன். "அப்படியானால் குற்றம் அந்தக் கம்பியில்தான்" என்றேன். அவர் சற்றுப் பேசாதிருந்து, "பாதிக் குற்றம் கம்பியில். மீதி உங்களிடம்" என்றார். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் அதன் ஆயுள் குறையும், ஓய்விலிருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. கடைசிப் பகுதி நிரம்புவதற்குத்தான் பல மணி நேரம் ஆகும். நானோ விளக்கு மங்கும்வரை பயன்படுத்திவிட்டு, டீசல் மிச்சம் என்று தினமும் ஒரு மணி நேரம் மட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். "இரண்டு பேட்டரி தப்பும். மற்ற இரண்டும் தப்புமா என்பது எனக்குத் தெரியாது. ஒரு வாரம் நன்றாக நிரப்பிப் பாருங்கள். அதற்குமுன் புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள்" என்றார்.

கம்பியின் விலையும் ஒன்றரை மணி நேரக் கூலியும் மட்டும் வாங்கிக்கொண்டார். பேட்டரி விற்றிருந்தால் அவருக்கு அதைவிட இலாபம் கிடைத்திருக்கும். பணம் கொடுக்கிறவனிடம் அவனுடைய குற்றத்தைச் சொல்வது இலாபகரமான தொழில் அல்ல. அதைச் சொன்னபடியால்தான் நான் அவரை நம்பினேன்.

புறப்படுமுன் என் மனைவி அவரிடம், காஸ் அடுப்பின் சுவாலை மஞ்சளாக எரிகிறது, அதையும் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவர் அடுப்பைத் தொடவில்லை. "அது என் வேலையல்ல" என்றார். குடியிருக்கும் படகில் காஸ் வேலை செய்கிறவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அவருடைய அடையாள அட்டையின் பின்புறத்தில் எந்தெந்த வேலைகளுக்குத் தகுதி என்று இருக்கும். படகுக்கான தகுதி உண்டா என்று அதைத் திருப்பிப் பார்த்தபின்பே உள்ளே விடுங்கள் என்றார். உருளையிலுள்ள காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கும்; படகின் அடியில் தண்ணீர் வெளியேறக்கூட வழியில்லை, காஸ் எப்படி வெளியேறும்? சரியாக எரியாத அடுப்போ, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடைத் தரும். "அலாரம் இருக்கிறதா?" என்று கேட்டு, அதன் பொத்தானை அழுத்தி ஒலியைக் கேட்டபிறகே கரையேறினார். வேறொருவர் வரும்வரை அந்த அடுப்பைப் பற்றவைக்கவேண்டாம் என்று இருமுறை சொன்னார்.

அன்று அவர் "தெரியாது" என்று ஒருமுறையும், "என் வேலையல்ல" என்று ஒருமுறையும் சொன்னார். என் மனதில் தங்கியவை அந்த இரண்டும்தான்.

தெரியாது என்பதில் வெட்கமில்லை என்பதற்கு அந்தக் கால்வாய்களின் வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. எல்.டி.சி. ரோல்ட் என்பவர் பயிற்சி பெற்ற பொறியாளர். 1939இல் அவரும் அவர் மனைவியும் 'கிரெஸ்ஸி' என்ற படகில் குடியேறிப் பயணப்பட்டார்கள். அவர் அதைப் பற்றி எழுதி 1944இல் வெளிவந்த 'நேரோ போட்' என்ற நூல், அழிந்துகொண்டிருந்த கால்வாய்களின்மேல் மக்களின் கவனத்தைத் திருப்பியது. இயந்திரங்களை அறிந்த அந்த மனிதரும், படகைச் சீர்ப்படுத்த பான்பரி ஊரிலுள்ள டூலி குடும்பத்தாரின் படகுத்தளத்திற்குத்தான் கொண்டுபோனார். இயந்திரம் அறிந்தவருக்கே படகு அறிந்தவர் தேவைப்பட்டார். ஒன்றும் அறியாத நானோ தலையசைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு காரியம் மீதியிருந்தது. பேட்டரி விற்றவர் என்னை ஏமாற்றினார் என்று பலரிடம் சொல்லியிருந்தேனே! அவர் செய்தது என்ன? நான் கேட்டதை விற்றார். அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருக்கவேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு நான் பொய்யாகத் தலையசைத்தேன். கவனக்குறைவு வேறு, வஞ்சகம் வேறு. முந்தியதைப் பிந்தியதாக்கி ஒரு மனிதருடைய பெயரைக் கெடுத்தேன்.

அடுத்த வாரம் அந்தப் படகுத்துறைக்கு நடந்துபோய் அதை அவரிடம் சொன்னேன். அவர் வேலையிலிருந்து நிமிர்ந்து கேட்டார், "சரி" என்றார், மறுபடியும் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். கரையில் யார் யாரிடம் சொன்னேனோ அவர்களில் பலர் அதற்குள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பேட்டரிகளில் மூன்று தப்பின. அந்தச் சொற்களை மட்டும் திரும்பப் பெற இயலவில்லை.

பிரியமானவர்களே, உங்களுக்கும் இந்த வாரத்தில் ஓர் உதவி தேவைப்படலாம். ஒரு மருத்துவரோ, வழக்கறிஞரோ, கூரை ஒழுகலை அடைக்கும் கொத்தனாரோ. தீர்ப்புச் சொல்லுமுன் சோதித்துப் பார்க்கிறவரைத் தேடுங்கள். பழுதை மறைக்காமல் உங்கள் கையைப் பிடித்து அதன்மேல் வைக்கிறவரைத் தேடுங்கள். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறவரையும், உங்கள் தவற்றை உங்கள் முகத்துக்கு நேரே தாழ்மையோடு சொல்கிறவரையும் கண்டால் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் அவரை அழைக்குமுன் ஒன்று செய்யுங்கள். நாங்கள் பாலத்தின் எண்ணைச் சொல்லாமல் ஒருவரும் எங்களிடம் வந்து சேர்ந்ததில்லை. நீங்கள் நிற்கும் இடம் எது என்பதை நீங்களே முதலில் பார்த்து, உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். நம்பத்தக்கவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் வந்து சேரும்படி நாம் உண்மையைச் சொல்லவேண்டும்.

சமாதானத்தோடு இருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.