ஏணியும் ஈரப்பனியும்

தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பதற்காக ஒருவருக்குக் கால் முறிந்தது என்றால் கேட்பவர்கள் சிரிக்கக்கூடும். ஆட்டம் பார்த்தவன் நான். கால் முறிந்தது என் மகனுக்கு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வரவில்லை.

2003ஆம் ஆண்டு. என் மனைவி இறந்து ஓராண்டு நிறைந்திருந்தது. தூத்துக்குடியில் தனியே கிடக்க வேண்டாம் என்று மகன் பயணச்சீட்டு அனுப்பி, என்னைக் கனடாவுக்கு அழைத்துக்கொண்டான். ஒன்டாரியோ மாநிலத்தில், ஹ்யூரான் ஏரிக்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த சிற்றூரில் அவன் குடியிருந்தான். ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை எண்ணிவிட வேண்டாம். கரையில் நின்றால் மறுகரை தெரியாத நன்னீர்க் கடல் அது. டிசம்பரிலும் அதன் நடுப்பகுதி உறைவதில்லை. வடமேற்கிலிருந்து வீசும் கடுங்குளிர் காற்று, தன்னைவிட வெதுவெதுப்பான அந்த நீர்ப்பரப்பைக் கடக்கையில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையோர ஊர்களில் பனியாகக் கொட்டிவிடும். ஓரூரில் முழங்காலளவு குவிந்திருக்க, பத்து மைல் தள்ளி வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஓரவஞ்சனைக்காரப் பனி!

மெல்போர்னில் டிசம்பர் 26 காலை பதினொரு மணி என்றால், அங்கே கிறிஸ்து பிறப்பு விழாவன்று இரவு ஏழு மணி. இந்திய அணி ஆஸ்திரேலியாவில் ஆடிய டெஸ்ட் ஆட்டத்தின் முதல் நாள். விழாவுக்காக மருமகளின் தம்பியும் மகனின் நண்பர்கள் இருவரும் வந்திருந்தார்கள். கேக்கும் முறுக்குமாக எல்லாரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். சேவாக்கும் சோப்ராவும் முதல் விக்கெட்டுக்கு 141 ஓட்டங்கள் சேர்த்தார்கள். டெண்டுல்கர் ஓட்டம் ஏதும் எடுக்காமல் வெளியேறியபோது அறையே சாவு வீடாயிற்று. ஆனால் சேவாக் அசரவில்லை. இருநூறை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நள்ளிரவு கடந்து ஒரு மணியாகிவிட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் படம் நின்றது. முதலில் சேவாக்கின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறியது. பிறகு மட்டையை ஓங்கியபடி கல்லாய்ச் சமைந்து நின்றார். அதன்பின் திரை கறுத்தது.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன். ஆதலால் வாசக அன்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்று நடந்ததை விளங்கிக்கொள்ளவும் இது தேவை. ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுபவை. அதனால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். இந்த ஏற்பாட்டை 1945இலேயே எழுதிக் காட்டியவர் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் நமக்கு அண்டையிலுள்ள இலங்கையில் குடியேறி, 2008இல் அங்கேயே காலமானார். நம் ஊரில் டிஷ் ஏறக்குறைய அண்ணாந்து பார்க்கும். வடக்கே தொலைவிலுள்ள ஒன்டாரியோவிலோ, தென்வானில் தாழ்வாக நோக்கியபடி சுவரில் சாய்ந்திருக்கும். அது வெறும் குழியாடிதான். வகுப்பில் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்துக் காட்டுவோமே, அதே கணக்கு. வானிலிருந்து வரும் மிக மெலிந்த அலைகளைத் திரட்டி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டியின் வாயில் குவிக்கிறது.

பனி பொழிந்தால் படம் போகும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது முழு உண்மையன்று. பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில் மாவுபோல் விழும் உலர்ந்த பனி இந்த அலைகளுக்குப் பெரிய தடையாவதில்லை. பனிக்கட்டியில் நீரின் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடக்கின்றன. அலைகள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஆபத்து பூச்சியத்தை ஒட்டிய நாள்களில்தான். பாதி உருகிய பனி சேறுபோல் கிண்ணத்தில் அப்பிக்கொள்கிறது. அதிலுள்ள நீர், இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலைகளை உறிஞ்சிக்கொள்கிறது. ஏறிய பனி குழியின் வடிவத்தையும் கெடுப்பதால், எஞ்சியவையும் பெட்டியின் வாயில் ஒழுங்காகச் சேர்வதில்லை. கடுங்குளிரைவிட அரைகுறைக் குளிரே பொல்லாதது. 36,000 கிலோமீட்டரைப் பழுதின்றிக் கடந்து வந்த செய்தி, கடைசி நான்கு விரற்கடை ஈரப்பனியில் மாண்டுபோகிறது.

ஒளிபரப்பு நிலையங்களின் பெரிய கிண்ணங்களுக்குப் பனியை உருக்கும் சூடேற்றிகள் உண்டு. வீட்டுக் கூரைக்கு யார் வைப்பார்கள்? சிலர் கிண்ணத்தில் சமையல் எண்ணெய் பூசுகிறார்கள். சிலர் பிளாஸ்டிக் உறை மாட்டுகிறார்கள். அறிவுள்ளவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் பொருத்திக்கொள்கிறார்கள். என் மகன் வீட்டில் அது பின்சுவரின் உச்சியில், கூரை விளிம்பை ஒட்டி இருந்தது.

நான் என்ன செய்தேன்? “அவ்வளவுதானா?” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அதை எந்தக் குரலில் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். மனைவி போனபின் நான் வாய்விட்டுச் சிரித்த முதல் இரவு அது என்பதை அவனும் கவனித்திருந்தான். “ஒரு நிமிஷம்ப்பா” என்று எழுந்தான். “இந்த நேரத்துல வேண்டாம்” என்று மருமகள் தடுத்தாள். மெல்லிய மேற்சட்டையோடு, கையில் துடைப்பத்துடன் வெளியேறினான். நான் தடுக்கவில்லை.

எங்களுக்கு இது பழைய விளையாட்டு. எண்பதுகளில் தூத்துக்குடியில் கடல் கடந்து வரும் ரூபவாகினியைப் பிடிக்க மொட்டைமாடிதோறும் உயர்ந்த கம்பம் நிற்கும். காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிவிடும். அரைக்கால் சட்டைப் பையனாக இவன்தான் மாடிக்கு ஓடுவான். கம்பத்தைத் திருகிக்கொண்டே “தெரியுதா?” என்று மேலிருந்து கத்துவான். கீழே கூடத்திலிருந்து நான் “இல்ல, இல்ல... இன்னும் கொஞ்சம்... தெரியுது, தெரியுது! விட்டுரு!” என்று குரல் கொடுப்பேன். அந்நாளையப் படம் நல்ல குணமுடையது. கெட்டாலும் புள்ளி புள்ளியாகத்தான் கெடும். திருந்தினாலும் மெல்லத்தான் திருந்தும். இன்றைய படமோ தெளிவாக இருக்கும், இல்லையேல் அடியோடு இராது.

அன்றிரவும் அப்படித்தான் சட்டென்று வந்தது. திரையில் பளிச்சென்று பச்சைப் புல்தரை. சேவாக் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். நாங்கள் ஆரவாரம் செய்தோம். “வந்துட்டு!” என்று மருமகளின் தம்பி கைதட்டினான். சேவாக் 195ஐ எட்டினார். ஆறு அடித்தே இருநூறைக் கடக்க எண்ணிக் கேட்டிச்சின் பந்தைத் தூக்கி அடித்தார்; எல்லைக்கோட்டருகே பிராக்கன் பிடித்துவிட்டார். தலையில் கைவைத்துக்கொண்டோம். ஐந்து ஓட்டங்களுக்கு அப்படியென்ன அவசரம் என்று நண்பர் ஒருவர் வாதிட, “அவன் அப்படி ஆடுனதுனாலதான் 195 வந்துச்சு” என்று நான் மறுத்தேன். மறுஒளிபரப்பை மூன்று கோணங்களில் காட்டினார்கள். மூன்றையும் பார்த்தோம்.

தேநீர்க் கோப்பைகளோடு வந்த மருமகள், ஒன்று கூடுதலாக இருப்பதைக் கண்டு, “மாமா, அவங்க எங்க?” என்றாள்.

ஏணி பனியில் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அவன் கிடந்தான். இடதுகாலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மேற்சட்டை முழுதும் நனைந்து, உதடு நீலம் பாரித்திருந்தது. ஏறத்தாழக் கால்மணி நேரம். கூப்பிட்டிருக்கிறான். குளிருக்காக இரட்டைக் கண்ணாடி இட்டுச் சார்த்திய சன்னல்கள்; உள்ளே எங்கள் கூச்சல். பனியில் ஆம்புலன்ஸ் வந்துசேர முக்கால்மணி நேரமாயிற்று. குளிர் பூச்சியத்தை ஒட்டி இருந்தாலும், நனைந்த உடையோடு இன்னும் ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு அப்படித் தோன்றியது.

விடியற்காலையில், கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தவனிடம், “படம் வந்ததுமே இறங்கியிருக்கலாமேடா” என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் குற்றம் சாட்டுகிறேன் பாருங்கள். அவன் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னான்:

“தெரியுதான்னு ரெண்டு தடவ கேட்டேன்ப்பா. சத்தமே இல்ல. இன்னும் வரலபோலன்னு மேல ஒரு படி ஏறி, அந்தப் பெட்டியையும் தொடைக்கப் போனேன்.”

ஆறு வாரங்கள் கட்டோடு இருந்தான். அவனுக்குப் பதிலாக வாசற்பனியை நான் தள்ளினேன். அந்தக் குளிரில் என் வயதுக்கு அது மூடத்தனம் என்று அண்டை வீட்டார் கூறினார்கள். அந்த ஆட்டத்தில் இந்தியா ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அதைச் செய்தித்தாளில் படித்துத்தான் அறிந்தோம். ஆட்டத்தின் எஞ்சிய நாள்களில் அவ்வீட்டில் யாரும் தொலைக்காட்சியைப் போடவில்லை.

இப்போது அவன் வீட்டில் டிஷ் இல்லை. ஆட்டமெல்லாம் மண்ணுக்கடியில் புதைத்த கம்பி வழியே வருகிறது. பனி அதை ஒன்றும் செய்வதில்லை. கிண்ணத்தைத் தாங்கிய இரும்புக் கை மட்டும் பின்சுவரில் துருப்பிடித்து நிற்கிறதாம். சேவாக் ஆட்டமிழந்த காட்சியை இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். அவன் இதுவரை பார்த்ததில்லை என்று ஒருமுறை சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறுதோறும் மாலையில் காணொளியில் அழைப்பான். அங்கே அப்போது காலைநேரம். திரை முதலில் கறுப்பாகவே இருக்கும். குரல்தான் முந்தி வரும். “அப்பா, தெரியுதா?” என்பான். அவன் முகம் தோன்றும்வரை நான் காத்திருப்பதில்லை. “தெரியுது, தெரியுது” என்று உரக்கச் சொல்லிவிடுகிறேன்.