குடும்பிமலை உச்சி

மலைகளுக்குப் பெயரிட்டோர் பெரும்பாலும் அவற்றைத் தொலைவில் நின்று கண்டவர்களே. மட்டக்களப்பு மாவட்டத்தில், கிரானுக்கு மேற்கே காட்டிடையே நிமிர்ந்து நிற்கும் பாறைக்குன்று இதற்குத் தக்க சான்றாகும். வயல்வெளியில் நின்று நோக்கிய தமிழ் உழவன் முடித்துக் கட்டிய குடுமியை அதிற் கண்டு குடும்பிமலை என்றான். சிங்கள மக்கள் தொப்பியைக் கண்டு தொப்பிகல என்றனர். ஆங்கிலேயரோ தம் நாட்டுப் பிரபுவின் தலையணியைக் கண்டு ‘பேரன்ஸ் காப்’ என்றனர். தெற்கே கோவிந்தகெலவுக்கு ‘வெஸ்ட்மின்ஸ்டர் அபே’ என்று பெயர் சூட்டியவர்களும் அவர்களே. ஒவ்வொருவரும் தத்தம் தலையில் இருந்ததையே பாறையின் தலையிலும் கண்டனர் போலும்.

உயரத்தால் இது பெருமலையன்று. பீதுருதாலகாலையின் 2,524 மீற்றருக்கு முன் இதன் ஐந்நூற்றுச் சொச்சம் மீற்றர் சிறிதே. எனினும், சுற்றியுள்ள நிலம் தட்டையாகக் கிடப்பதால் குன்றும் மலையாகத் தோன்றுகிறது. மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளால் ஆனது கிழக்கிலங்கை. மென்மையான பகுதிகள் மழையாலும் வெயிலாலும் தேய்ந்தொழிய, வன்மையானவை ஆங்காங்கே எஞ்சின. அவ்வாறு எஞ்சியவற்றுள் குடும்பிமலையும் ஒன்று.

போர்க்காலத்தில் இம்மலை வேறொரு வகையில் நாடறிந்தது. விடுதலைப் புலிகளின் பிடியிலிருந்த இப்பகுதியைக் கைப்பற்றியதாக 2007 யூலை 11 அன்று அரசு அறிவித்தது. அதன்பின், மலையென்றாலே யார் பிடித்தது, யார் இழந்தது என்ற பேச்சே முந்திக்கொண்டது. அதன் அடிவாரத்தைச் சார்ந்து வாழ்ந்த மக்களின் பேச்சு பின்தள்ளப்பட்டது.

சித்தாண்டியைச் சேர்ந்த மாணவர் ஒருவர், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயில்பவர், 2024 ஆடி மாதத்தில் இம்மலைக்குச் சென்றார். பட்டி மாடு வளர்க்கும் குடும்பம் அவருடையது. வழித்துணையாக வந்தவர் பெரியப்பா. கிரான் சந்தியிலிருந்து மேற்கே திரும்பிப் புலிபாய்ந்தகல்லைக் கடந்து சென்றனர். மாரியில் வெள்ளம் மேவும் அவ்வழி அப்போது புழுதி படிந்து கிடந்தது. யானைகள் நடமாடும் காடாதலால் விடிந்தபின் புறப்பட்டு வெயில் ஏறுமுன் உச்சியை அடைவதென்பது பெரியப்பாவின் ஏற்பாடு. அடிவாரத்தில் மர நிழல் இருந்தது. மேலே செல்லச் செல்ல மரங்கள் குறுகின. கடைசியில் வெறும் பாறையே எஞ்சியது. வழியில் எதிர்ப்பட்டோர் எவருமிலர். கச்சான் காற்று மட்டும் காதில் இரைந்துகொண்டிருந்தது.

உச்சியை அடைந்த மாணவர் நாற்புறமும் நோக்கினார். சிறுவயது முதல் வயல் வரம்பில் நின்று கண்ட குடுமி அங்கே இல்லை. சரிந்த பாறையும் அதன் வெடிப்பில் வேரூன்றிய சில செடிகளுமே இருந்தன.

“குடும்பிய தேடுறாயா மனே? அது கீழ நிண்டு பாக்கிற ஆக்களுக்குத்தான்” என்றார் பெரியப்பா.

பின்னர் அவர் கைநீட்டிக் காட்டியது மலையையன்று, நிலத்தை. கிழக்கே வயல்வெளிகள், அவற்றுக்கப்பால் வாவியோரத்து ஊர்கள். மேற்கிலும் தென்மேற்கிலும் காடும் தரவையும் மாவட்ட எல்லைவரை விரிந்தன. இவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பே சித்தாண்டிப் பட்டிக்காரரின் வாழ்வு. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் ஊரைச் சூழ்ந்த நிலமெல்லாம் பயிராகிவிடும். மாட்டுக்கு அங்கே இடமில்லை. பட்டிகளை மேற்கே மேய்ச்சற்றரைக்குச் சாய்த்துச் செல்வர். அறுவடை முடிந்தபின் அவை மீண்டு வந்து வயலில் எஞ்சிய தாளை மேயும். அவற்றின் சாணம் மண்ணுக்கு எருவாகும். நெல்லும் பாலும் ஒரே நிலத்தில் மாறிமாறி விளைவதற்கு இந்தப் போக்குவரத்தே அடிப்படை.

அப்போக்குவரத்தே இன்று வழக்காகியுள்ளது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரையில் வெளிமாவட்டத்தவர் பயிர்செய்வதால் நிலம் சுருங்குகிறது, மாடுகள் கொல்லப்படுகின்றன என முறையிட்டு, 2023 செப்டெம்பரிற் கால்நடைப் பண்ணையாளர்கள் சித்தாண்டியிலே தொடர் அறப்போராட்டத்தைத் தொடங்கினர். நெடுஞ்சாலையோரத்துப் பந்தலை மாணவர் பலமுறை கடந்து சென்றவர். அங்கே எழுதியிருந்த இடப்பெயர்களையும் வாசித்தவர். ஆயினும் அவை அவருக்குப் பெயர்களாகவே இருந்தன. ஊருக்கும் தரவைக்கும் இடைப்பட்ட தூரத்தை, பசுக்களும் கன்றுகளும் நடந்து கடக்கும் தூரத்தை, ஒரே பார்வையில் அளந்தறிய அவருக்கு அவ்வுச்சி வேண்டியிருந்தது.

தொலைவில் நின்று மலையைக் காண்போருக்கு அதன் வடிவம் தெரியும். அவரவர் விரும்பிய பெயரையும் சூட்டலாம். மலைமேல் நிற்பவனுக்கோ வடிவம் மறைந்து, அதனைச் சார்ந்து வாழ்வோரின் நிலம் தெரிகிறது. இதற்கு எவரெஸ்ட் வரை செல்ல வேண்டியதில்லை. ஒரு காலைப்பொழுதில் ஏறி இறங்கத்தக்க குன்றே போதும்.

வெயில் ஏறியதும் இருவரும் இறங்கத் தொடங்கினர். பெரும்போக விதைப்புக்கு இன்னும் இரண்டு மூன்று மாதங்களே இருந்தன. அதற்குள் பட்டியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதே இறங்கும் வழியெல்லாம் அவர்களது பேச்சாயிருந்தது.