சில்லுக்குள் ஓர் அமானிதம்

வணிகம் என்பது பொருளை விற்பதும் வாங்குவதும் மட்டுமன்று. முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் நம்ப உடன்படுவதும் ஆகும். கடைத்தெருவில் அந்நம்பிக்கை கண்ணால் கண்டு வளர்வது. கடைக்காரரின் முகம் தெரியும்; தராசின் முள் தெரியும்; கொடுத்த பணம் பெட்டியில் விழுவதும் தெரியும். இணையவழி வணிகத்திலோ இவற்றுள் ஒன்றும் தெரிவதில்லை. ஆயினும் கோடிக்கணக்கானோர் தம் வங்கி அட்டையின் எண்ணை அங்கே நம்பி ஒப்படைக்கின்றனர். அந்நம்பிக்கையைத் தாங்கி நிற்பது எது? தமிழாசிரியனாகிய என்னை நுண்செயலிகளைப் பற்றிப் படிக்கத் தூண்டியது இக்கேள்வியே.

அமேசான், ஈபே ஆகிய இணையக் கடைகள் திறக்கப்பட்ட ஆண்டு 1995. அதே காலத்தில்தான் நெட்ஸ்கேப் நிறுவனம், வாடிக்கையாளரின் கணிப்பொறிக்கும் கடையின் கணிப்பொறிக்கும் இடையே செல்லும் செய்தியைப் பூட்டி அனுப்பும் முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. அதற்குத் துணை நின்றது 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் வகுத்த கணக்கு. இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த விடையைக் கொண்டு அவ்விரு எண்களைக் கண்டறிவது மிக அரிது. இதுவே அப்பூட்டின் சூட்சுமம். ஆனால், ஒவ்வொரு வாடிக்கையாளர் வரும்போதும் முந்நூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களைக் கொண்டு கணக்கிட வேண்டும். அன்றைய நுண்செயலிகளுக்கு இது பெருஞ்சுமை. எனவே பல கடைகள் பணம் செலுத்தும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு, ஏனைய பக்கங்களைத் திறந்தே வைத்திருந்தன.

நுண்செயலியை வடிவமைப்போர் முன் இரு கடமைகள் நின்றன: ஒரே நேரத்தில் வரும் பல்லாயிரம் பேரைக் கவனிக்க வேண்டும், அவர்தம் இரகசியத்தையும் காக்க வேண்டும்.

என் தந்தையார் சிறு பலசரக்குக் கடை நடத்தியவர். ஒருவருக்குரிய அரிசி கிடங்கிலிருந்து வரும்வரை அவர் கைகட்டி நிற்கமாட்டார். அடுத்தவருக்குப் பருப்பை நிறுத்துக்கொண்டிருப்பார். 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட அல்ட்ராஸ்பார்க் டி1 என்னும் நுண்செயலியின் அடிப்படைக் கருத்து இதுவே. முன்னைய நுண்செயலிகள் பல, ஒரு வேலையை மிக விரைவாக முடிப்பதையே குறிக்கோளாகக் கொண்டிருந்தன. ஆனால் நினைவகத்திலிருந்து தரவு வரும்வரை அவை பெரும்பொழுது காத்திருக்க நேர்ந்தது. டி1 சில்லிலோ 8 கருக்கள். ஒவ்வொன்றிலும் 4 பணியிழைகள். ஆக 32 பணிகளை அது ஏற்றது. ஒன்று காத்திருக்கையில் மற்றொன்று நடைபெறும். அன்றியும், பூட்டுக்குரிய பெருங்கணக்கைச் செய்யத் தனி உறுப்பொன்று ஒவ்வொரு கருவிலும் வைக்கப்பட்டது.

பூட்டைச் சில்லிலேயே பதிக்கும் இம்முயற்சி மேலும் தொடர்ந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் வடித்த மறையீட்டு முறை 2001இல் அமெரிக்க அரசின் தரமுறையாக ஏற்கப்பட்டது. அதனை விரைந்து நிறைவேற்ற 6 புதிய கட்டளைகளை இன்டெல் நிறுவனம் 2010இல் தன் நுண்செயலிகளில் சேர்த்தது. பூட்டும் செலவு இவ்வாறு குறையக் குறைய, எல்லாப் பக்கங்களையும் பூட்டுவது எளிதாயிற்று. பெருவணிகருக்குக் கிட்டிய காவல் சிறு வணிகருக்கும் கிட்டியது.

ஆயினும் பூட்டைத் திறக்கும் கலையும் பழமையானதே. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, மறையெழுத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே உள்ளிருக்கும் செய்தியை வெளிக்கொணரும் வழியை எழுதி வைத்தார். பூட்டை உடைக்காமல், அது விட்டுச்செல்லும் தடயத்தைக் கொண்டே இரகசியத்தை அறியலாம் என்பது அவர் காட்டிய உண்மை.

2018 ஜனவரியில் அவ்வுண்மை மீண்டும் மெய்யாயிற்று. விரைவைக் கூட்டும் பொருட்டு நுண்செயலிகள் அடுத்து வரவிருக்கும் வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்கின்றன. ஊகம் தவறினால் செய்ததைக் கைவிடுகின்றன. வழக்கமான வாடிக்கையாளர் தெருமுனையில் வரும்போதே கடைப்பையன் அவருக்குரிய சரக்கைக் கட்டி வைப்பது போன்றது இது. அவர் வேண்டாமென்றால் சரக்கு மூட்டைக்குத் திரும்பிவிடும். ஆனால் அவிழ்ந்து கிடக்கும் மூட்டையைப் பார்ப்பவர், அவர் வழக்கமாக வாங்குவது எதுவென்று அறிந்துகொள்வார். அவ்வாறே, கைவிட்ட ஊகம் விரைவு நினைவகத்தில் விட்டுச்சென்ற தடயத்தை, நேரத்தை அளந்தே படித்துவிடலாம் என்று கூகிள் நிறுவனத்தின் ஆய்வுக்குழுவும், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பிறரும் கண்டறிந்து வெளியிட்டனர். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்பன அக்குறைகளின் பெயர்கள். பல கடைகள் ஒரே கணிப்பொறியை வாடகைக்குப் பங்கிட்டுக்கொள்ளும் இக்காலத்தில், ஒருவர் இரகசியம் மற்றவர் கைக்குப் போகக்கூடும் என்பது சிறிய செய்தியன்று. குறையைச் சரிசெய்தபோது, பல பணிகளில் முன்பு பெற்ற விரைவில் ஒரு பகுதியை இழக்க நேர்ந்தது.

அரபியிலிருந்து நம் தமிழுக்கு வந்து வேரூன்றிய சொல் ‘அமானிதம்’. ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அவருக்கே உரியதாகக் காத்துத் திருப்பித் தருவது அது. வணிகராயிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மக்கா மக்கள் ‘அல்-அமீன்’ என்றழைத்தனர். ஹிஜ்ரத்தின் இரவில், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச்சென்றார்கள் என்று வரலாறு கூறுகிறது. உயிருக்கு ஆபத்து சூழ்ந்து விரைந்தாக வேண்டிய வேளையிலும் அமானிதம் மறக்கப்படவில்லை.

விரைவும் வேண்டும், அமானிதமும் வேண்டும். இரண்டும் மோதும் இடத்தில் எதை முன்னிறுத்துவது என்பது கணக்கால் மட்டும் தீரும் கேள்வியன்று; அதற்கு விடை சொல்ல வேண்டியது வடிவமைப்பவரின் மனச்சான்று. நுண்செயலி அட்டையின் எண்ணை வழியில் காக்கலாம். எடைகுறைத்து அனுப்பும் வணிகரை நேர்மையாளராக்க அதனால் இயலாது. நாளை இத்துறையில் அடியெடுத்து வைக்கவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள், தாம் வரையும் ஒவ்வொரு சுற்றமைப்பையும் முகமறியாத ஒருவர் தம்மிடம் ஒப்படைத்த பொருளாகக் கருதிப் பணியாற்ற வேண்டும் என்பதே இவ்வெளியேனின் வேண்டுகோள்.