தொக்கணமும் என் தோள்பட்டையும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆணி ஜாஸ்தி. ஆணி புடுங்கிப் புடுங்கியே இடது தோள்பட்டை கல்லு மாதிரி ஆயிடுச்சு. இந்தப் பதிவே அந்தத் தோள்பட்டையைப் பத்தித்தான்.

நமக்கு வீடு கிழக்கு தாம்பரம். பொட்டி தட்டுற இடம் சோழிங்கநல்லூர். கேம்ப் ரோடு, மேடவாக்கம்னு ஒவ்வொரு சிக்னலா கும்பிட்டுப் போய்ச் சேர ஒண்ணேகால் மணி நேரம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினா அமெரிக்காக்காரனுக்குப் பொழுது விடிஞ்சிடும். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் போன்லயே ஓடும். ரெண்டு வருஷம் இப்படி. முதல்ல தூக்கம் போச்சு. அப்புறம் ஞாயித்துக்கிழமை மத்தியானமே திங்கட்கிழமையை நெனச்சு வயித்தைக் கலக்க ஆரம்பிச்சுது.

ஒரு நாள் ராத்திரி பொண்ணு கணக்கு நோட்டோட வந்து "அப்பா"ன்னா. நான் திரும்பிக்கூடப் பாக்காம "அந்தாண்ட போ"ன்னு ஒரு கத்து. ஏழு வயசு. அழல. நோட்டை எடுத்துட்டுப் போயிட்டா. அடுத்த ரூம்ல தங்கமணி கிட்ட, "அம்மா, அப்பா போன்ல இருக்காரா, இல்ல சும்மாவே கோவமா இருக்காரா?"ன்னு மெதுவா கேட்டது காதுல விழுந்துச்சு. அன்னிக்குத்தான் நமக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு புரிஞ்சுது.

இடது பக்கம் வலிங்கறதால முதல்ல ஈசிஜி எடுத்தாச்சு. இதயத்துல ஒண்ணும் இல்ல, வேலை டென்ஷன்தான்னார் டாக்டர். டேமேஜர் கிட்ட சொன்னேன். அந்த வாரம் ஆபீஸ்ல ஆரோக்கிய வாரமாம். ஒரு ஸ்பாவுக்கு கூப்பன் குடுத்தார். லீவு கேட்டவனுக்கு கூப்பன்!

சரி, சும்மா கெடைக்குதேன்னு போனேன். மங்கலான வெளிச்சம், புல்லாங்குழல், எலுமிச்சம்புல் வாசனை. கட்டில்ல முகம் வைக்க ஒரு ஓட்டை. அதுல முகத்தை வெச்சுப் படுத்து பத்து நிமிஷம் ஆகல, போன் அடிச்சுது. டேமேஜர்தான். ஓட்டைக்குக் கீழ போனைப் பிடிச்சுக்கிட்டு, தரையைப் பாத்தே இருபது நிமிஷம் பேசினேன். முதுகை ஒருத்தர் பிடிச்சு விட, கழுத்தை இன்னொருத்தர் முறுக்க... அவ்வ்வ்வ். வெளிய வரும்போது போனப்ப இருந்த வலி அப்படியே இருந்துச்சு.

அம்மாதான் சொன்னாங்க, "பக்கத்துலயே சித்தா ஆஸ்பத்திரிய வெச்சுக்கிட்டு எங்கெங்கயோ அலையுறியேடா"ன்னு. தாம்பரம் சானடோரியத்துல இருக்கற தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005-ல திறந்தது. ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாசப் பண்டிதர் பேரு. அவரும் சித்த வைத்தியர்தானே.

இங்க ஒரு கொசுவத்தி. 'சானடோரியம்'னு தினமும் ரயில்ல சொல்றோமே, அது எப்படி வந்துச்சு? 1928-ல டேவிட் சௌரி முத்துன்னு ஒரு டாக்டர் இங்க காசநோய்க்காரங்களுக்காக ஆரம்பிச்ச இடம். 1937-ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அதுக்கு முன்னாடி அவர் இங்கிலாந்துல மெண்டிப் மலைப் பக்கம் ஒரு சானடோரியம் நடத்தினப்ப, கணித மேதை ராமானுஜனும் அங்க கொஞ்ச காலம் நோயாளியா இருந்திருக்கார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, இதான் வைத்தியம். ஓய்வுக்காகவே உண்டான ஊருங்க இது! அதே ஸ்டேஷன்ல இப்ப காலையில இறங்கினா, மெப்ஸ் கம்பெனிங்களுக்கு ஷிப்ட் பிடிக்க ஓடுற கூட்டம் நம்மளையும் தள்ளிக்கிட்டுப் போகுது.

ஓபி சீட்டு வாங்கி வரிசையில உக்காந்தேன். டாக்டரம்மா சின்னப் பொண்ணுதான். நாடி பிடிச்சாங்க, நாக்கை நீட்டச் சொன்னாங்க, தோளைத் தொட்டுப் பாத்தாங்க. சித்த மருத்துவத்துல எண்வகைத் தேர்வுன்னு ஒண்ணு உண்டு. நாடி, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரத்தோட ஸ்பரிசமும் அதுல ஒண்ணு. தொடறதும் ஒரு பரிசோதனை! போன ரெண்டு வருஷத்துல என் வலியை யாராவது தொட்டுப் பாத்தது அன்னிக்குத்தான்.

முதல்ல பேதிக்குக் குடுத்தாங்க. அந்தக் கதை வேணாம், ஹிஹி. அப்புறம்தான் தொக்கணம். நம்ம ஊர் மசாஜுக்கு அதான் பேரு. சித்தத்துல புற மருத்துவம் 32 வகை, அதுல இதுவும் ஒண்ணு. இதுலயே ஒம்போது வகை இருக்கு: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். (இந்த ஒம்போதையும் எங்க டேமேஜர் எண்ணெய் இல்லாமலே செய்வார்.)

பிடிச்சு விட்டவர் ஐம்பது வயசுக்காரர். புல்லாங்குழல் எல்லாம் கெடையாது. மின்விசிறிச் சத்தம், உளுந்துத் தைல வாசனை, அவ்வளவுதான். போனை வெளிய வெச்சுட்டு வரச் சொல்லிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "சார், தோளை நீங்களே தூக்கிப் பிடிச்சிட்டு இருக்கீங்க. என் கையில குடுங்க"ன்னார். குடுத்துட்டேன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். "இல்ல சார், இன்னும் குடுக்கல"ன்னார். எவ்வளவு நேரமோ தெரியல, திடீர்னு தோள் தானா கீழ இறங்குச்சு. கூடவே கண்ணுல தண்ணி. "பரவால்ல, சில பேருக்கு வரும்"னுட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பாத்தார்.

முடிஞ்சதும் அவர் விரலை ஒவ்வொண்ணா நீவிக்கிட்டு இருந்தார். "உங்களுக்கு யாருங்க பிடிச்சு விடுவாங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "பேரன் முதுகுல ஏறி மிதிப்பான் சார்."

பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. எங்கப்பா ரயில்வேல இருந்தவர். நைட் ஷிப்ட் முடிச்சு வந்து கூடத்துல குப்புறப் படுத்து, "ஏறி மிதிடா"ம்பார். செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நான் மிதிப்பேன். அதுக்குள்ளயே குறட்டை வந்துடும். அவரும் உழைச்சவர்தான். ஆனா வேலையை ஸ்டேஷன்லயே விட்டுட்டு வந்தார். நான் பாக்கெட்ல எடுத்துட்டு வரேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏழு தடவை போனேன். தோள் லேசாச்சு, தூக்கம் வந்துச்சு. ஆனா கடைசி நாள் டாக்டரம்மா சொன்னதுதான் மருந்து: "நாங்க இளக்கிவிடலாம் சார். நீங்க திரும்பப் போய் அதே மாதிரி உக்காந்தா அதே மாதிரிதான் இறுகும்." உலக சுகாதார நிறுவனமே 2019-ல வேலைச் சோர்வை ஒரு நோய்னு சொல்லல, வேலையிடம் சம்பந்தப்பட்ட நிகழ்வுன்னுதான் சொல்லுச்சு. அதாவது கோளாறு என் தோள்ல மட்டும் இல்ல. கூப்பன் குடுத்தா அது தீராது.

ஒம்போது மணிக்கு மேல போன் எடுக்க மாட்டேன்னு மெயில் போட்டேன். அனுப்பற பட்டனை அமுக்க அரை மணி நேரம் ஆச்சு. அந்த வருஷம் அப்ரைசல்ல ஒரு படி இறக்கிட்டாங்க. வலிச்சுது, பொய் சொல்லல. வீட்டுக்கடன் தவணை அப்படியேதானே இருக்கு.

ஆனா போன ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேச்சுக்கிட்டு கூடத்துல குப்புறப் படுத்தேன். "பாப்பா, ஏறி மிதிக்கிறியா?"ன்னேன். செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஏறினா. "வலிக்குதாப்பா?"ன்னா. "இல்லடா"ன்னேன். அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல. குறட்டை விட்டேனாம்.

டிஸ்கி: தோள் வலின்னா உடனே எண்ணெய் பாட்டிலைத் தேடாதீங்க. நெஞ்சு வலி, கை மரத்துப் போறது, காய்ச்சல், கால் வீக்கம் இருந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க. உங்க வீட்ல யாரு மிதிப்பாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.